என் பற்றில் எழுதிக்கொள்ளும்: பிலேமோன் நிருபத்துக்கு ஒரு விளக்கவுரை

பவுலின் நிருபங்களில் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதியது. அதிகாரம் ஒன்று, வசனங்கள் 25, கிரேக்க மூலத்தில் 335 சொற்கள். ஒரே தாளில் அடங்கிவிடும். வேதப் புத்தகத்தில் தீத்துவுக்கும் எபிரெயருக்கும் நடுவே கிடக்கும் இதைப் பலர் பக்கத்தோடு பக்கமாகப் புரட்டிவிட்டுப் போயிருப்போம்.

செய்தி இதுதான். கொலோசெ பட்டணத்தில் பிலேமோன் என்று ஒரு வீட்டுக்காரர். அவருடைய அடிமை ஒநேசிமு வீட்டை விட்டுப் போய்விடுகிறான். எப்படியோ சிறையில் இருக்கும் பவுலிடம் வந்து சேருகிறான், விசுவாசியாகிறான். அவனைப் பவுல் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார். அவன் கையில் கொடுத்தனுப்பிய தாள்தான் நமக்குக் கிடைத்திருக்கும் நிருபம்.

அன்பையும் மன்னிப்பையும் பற்றிப் பேச நினைத்தால் நாம் வழக்கமாக 1 கொரிந்தியர் 13-க்குப் போவோம், அல்லது கெட்ட குமாரன் உவமைக்குப் போவோம். நான் இந்தத் தாளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே அன்பு ஒரு குறிப்பிட்ட தெருவில், ஒரு குறிப்பிட்ட வாசலில் வந்து நிற்கிறது. யாருக்கோ நஷ்டம் ஏற்பட்டிருக்கிறது. யாரோ அதைக் கட்டியாக வேண்டும். அந்த இடத்தில் நின்றுகொண்டு பவுல் பேசுகிறார். பேசும்போது ஒரு முறைகூட ‘மன்னித்துவிடும்’ என்று கேட்கவில்லை. முழு நிருபத்திலும் அந்த வேண்டுகோள் கிடையாது. அதற்குப் பதிலாக என்ன கேட்கிறார் என்பதைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம். வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

வசனங்கள் 1–3: விலாசம்

பல நிருபங்களைத் தொடங்கும்போது பவுல் தம்மை அப்போஸ்தலன் என்று சொல்லிக்கொள்வார். இங்கே அந்தப் பட்டம் இல்லை. கிறிஸ்துவுக்காகக் கட்டுண்டவன் என்றே தொடங்குகிறார். ஒரு அடிமைக்காகப் பரிந்து பேசப் போகிறவர், விலங்கு பூட்டிய கையோடு அவன் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறார்.

பெறுகிறவர்கள் யார்? பிலேமோன், அவருடைய மனைவி என்று மரபு கருதும் அப்பியாள், பவுல் உடன் போர்வீரராக மதிக்கும் அர்க்கிப்பு, கூடவே அந்த வீட்டில் கூடும் சபை. தனி ஆலயக் கட்டடம் இல்லாத காலம். வசதியுள்ள ஒருவரின் வீடுதான் ஆராதனைக் கூடம். எந்த முற்றத்தில் ஒநேசிமு தண்ணீர் சுமந்தானோ அதே வீட்டில்தான் இந்தத் தாள் உரக்க வாசிக்கப்படும். அப்பியாளின் பெயர் இருப்பதும் முக்கியம். வீட்டுக்குள் அடிமைகளை நாள்தோறும் ஏவி வேலை வாங்குகிறவள் வீட்டுத் தலைவி. கணவர் மனமிறங்கி அவள் மனமிறங்காவிட்டால், திரும்பி வருகிறவனுக்கு அந்த வீட்டில் சோறு இறங்காது.

இன்னொன்றும் உண்டு. வாழ்த்தில் ‘உங்களுக்கு’ என்று பன்மையில் பேசுகிறவர் 4-ஆம் வசனத்திலிருந்து ‘நீர்’ என்று ஒருவரிடமே பேசத் தொடங்குகிறார். முடிவெடுக்க வேண்டியவர் ஒருவர், சபையோ சாட்சியாகச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. நாம் நேர்மாறாகச் செய்கிறோம். சண்டையை ஊரறியப் போடுகிறோம், சமாதானத்தை மனசுக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

வசனங்கள் 4–7: நன்றி

பிலேமோனின் அன்பையும் விசுவாசத்தையும் கேள்விப்பட்டு ஜெபத்தில் நன்றி சொல்கிறார் பவுல். பரிசுத்தவான்களின் உள்ளம் இவரால் இளைப்பாறியிருக்கிறது என்கிறார். இதைக் காரியம் சாதிப்பதற்கு முன் தடவும் வெண்ணெய் என்று நினைக்க வேண்டாம். பிலேமோனிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் அவர் சுட்டிக்காட்டுகிறார். அந்த அன்பு இன்னும் ஒரே ஒரு ஆளிடம் போய்ச் சேரவில்லை.

‘உள்ளம்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் ‘ஸ்ப்ளாங்க்னா’ என்ற சொல் இருக்கிறது. நேர்ப்பொருள் குடல், வயிற்றின் உள்ளுறுப்புகள். தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஒன்றென்றால் நமக்கு வயிறு பதறும், வயிறு எரியும், வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருக்கும். இந்தச் சொல் 7, 12, 20 ஆகிய மூன்று வசனங்களில் வருகிறது. மூன்றையும் சேர்த்தால் பவுலின் வாதம் முழுவதும் கையில் கிடைத்துவிடும். எல்லாருடைய வயிற்றிலும் பால் வார்த்தவர் நீர். இவன் என் வயிறு. என் வயிற்றிலும் பால் வாரும்.

வசனங்கள் 8–9: கட்டளையா, வேண்டுகோளா

கட்டளையிட எனக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பின் நிமித்தம் கெஞ்சுகிறேன் என்பது இந்த இரண்டு வசனங்களின் சாரம். வயதானவன், போதாததற்குச் சிறையில் இருக்கிறவன் என்று தம் நிலையையும் சொல்லிக்கொள்கிறார்.

அதிகாரத்தால் வாங்கிய மன்னிப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பெரியவர்கள் கூடி, பங்காளிகள் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, ‘கையைக் குடுப்பா’ என்று சொல்வார்கள். கைகள் சேரும், கண்கள் சேராது. அடுத்த அறுப்புக்குள் வரப்புத் தகராறு மறுபடி முளைத்திருக்கும். 14-ஆம் வசனத்தில் பவுல் இதையே இன்னும் தெளிவாகச் சொல்லப் போகிறார்: நீர் செய்யும் நன்மை கட்டாயத்தால் வரக் கூடாது, மனதார வர வேண்டும்.

ஒரு கேள்வி எழும். வயதைச் சொல்லி, விலங்கைக் காட்டி, சபையின் நடுவே வாசிக்கக் கொடுத்தால் அதுவும் ஒரு நெருக்குதல்தானே? ஆம், நெருக்குதல்தான். ஆனால் யார்மேல் அந்த நெருக்குதல் விழுகிறது என்று பாருங்கள். சாட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்மேல் விழுகிறது. அடிபடக்கூடியவன்மேல் விழவில்லை. இந்த நிருபத்தைச் சரியாக வாசிப்பதற்கும் தவறாக வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் அடிமை முறை நடந்த நாட்களில், ஜார்ஜியா மாநிலத்தில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்ற போதகர் கருப்பின அடிமைகளுக்கு இதே நிருபத்திலிருந்து பிரசங்கம் செய்தார். எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள், ஓடிப்போவது பாவம் என்பதே அவருடைய போதனை. கேட்டவர்களில் பாதிப்பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். எழுந்து போனவர்கள் பவுலைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்பேன். இந்தத் தாள் எழுதப்பட்டது எஜமானுக்கு.

வசனங்கள் 10–12: வயிற்றுப் பிள்ளை

ஒன்பது வசனம் வரைக்கும் ஒநேசிமுவின் பெயரைப் பவுல் எடுக்கவே இல்லை. பத்தாவதில்கூடக் கிரேக்க வாக்கியத்தின் கடைசியில்தான் பெயர் வருகிறது. முதலில் ‘என் பிள்ளை’, பிறகு ‘சிறையிலே நான் பெற்றவன்’, அதற்கும் பிறகுதான் ‘ஒநேசிமு’. அந்தப் பெயரைக் கேட்டதும் பிலேமோனின் முகம் சுருங்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பெயருக்கு முன்னால் உறவை அனுப்புகிறார்.

ஒநேசிமு என்றால் பயனுள்ளவன் என்று பொருள். அடிமைகளுக்கு அப்படிப் பெயர் வைப்பது அன்றைய வழக்கம். மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல, உழைப்பைப் பார்த்து வைத்த பெயர். பவுல் அந்தப் பெயரையே எடுத்து விளையாடுகிறார்: முன்பு உமக்குப் பயனற்றவனாக இருந்தான், இப்போது உமக்கும் எனக்கும் பயனுள்ளவன். ஆனால் அவன் மதிப்பைப் பயனோடு நிறுத்தவில்லை. அடுத்த மூச்சிலேயே அவன் என் வயிறு என்கிறார். பயன் பார்த்து வாங்கப்பட்டவன், பெற்ற பிள்ளை என்ற இடத்துக்கு இரண்டே வசனத்தில் ஏறிவிட்டான்.

ஓடிப்போன அடிமைக்கு ரோம உலகில் என்ன காத்திருந்தது என்பதை நினைவில் வைத்தால்தான் இந்தச் சொற்களின் எடை தெரியும். சாட்டையடி, நெற்றியில் சூடு, சில வேளை சிலுவை மரணம். ஓடாதபடி அடிமையின் கழுத்தில் பூட்டிய, எழுத்துப் பொறித்த உலோக வளையங்கள் பிற்காலத்தவை இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அப்படிப்பட்ட உலகத்தில் ஒநேசிமு தன் காலாலேயே நடந்து திரும்பி வருகிறான். கொலோசெயர் நிருபத்தின்படி தீகிக்கு அவனோடு வழித்துணையாக வந்தார். பவுலும் அவனைத் தனியே அனுப்பவில்லை, அவனும் பிலேமோனின் முகத்தைப் பார்க்காமல் ஒளிந்துகொள்ளவில்லை. தவறு செய்தவன் திரும்பி நடப்பதும், அவன் தனியாக நடக்காதபடி ஒருவர் கூட வருவதும் மன்னிப்பின் முதல் பாதி.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போக மனம் வரவில்லை. தப்பி வந்த அடிமையை எஜமானிடம் பிடித்துக்கொடுக்கக் கூடாது என்று உபாகமம் 23-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பவுல் அதை அறியாதவர் அல்ல. அவர் ஒநேசிமுவைப் பழைய நிலைக்கு ஒப்புக்கொடுக்கவில்லை. புதிய நிலையைக் கோரி, அதற்குத் தாமே பிணை நின்று அனுப்புகிறார். ஆகவே, குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணிடம் இந்த நிருபத்தைக் காட்டி, ‘மன்னிச்சுட்டு திரும்பிப் போம்மா’ என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அப்படி ஒரு நிருபம் எழுத வேண்டுமானால் அந்தக் கணவனுக்கு எழுதுங்கள். அவன் கை இனி ஓங்காது என்பதற்கு உங்கள் பெயரைப் பிணையாக வையுங்கள். அதற்குத் துணியாதவர்கள் அவளைப் போகச் சொல்லாமல் இருப்பதே அன்பு.

வசனங்கள் 13–14: கேட்காமல் செய்யேன்

அவனை என்னிடமே வைத்துக்கொள்ள விரும்பினேன், உமது சம்மதமில்லாமல் எதுவும் செய்ய மனமில்லை என்கிறார். பிலேமோனுக்குப் பதிலாக அவன் எனக்கு ஊழியம் செய்திருப்பான் என்ற சொல்லாட்சியைக் கவனியுங்கள். அடிமை செய்த வேலையை எஜமான் செய்திருக்க வேண்டிய வேலையாகவே எண்ணுகிறார். இருவரையும் ஒரே தராசுத் தட்டில் வைத்தாயிற்று.

வசனங்கள் 15–16: ஒருவேளை

‘ஓடிப்போனான்’ என்று பவுல் எழுதவில்லை. ‘பிரிக்கப்பட்டான்’ என்ற பொருளில் எழுதுகிறார். கொஞ்ச காலம் பிரிந்தது என்றென்றைக்கும் சேர்ந்திருப்பதற்காக இருக்கலாம். இந்த வாக்கியத்தின் தலையில் ‘ஒருவேளை’ என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல்லை வைத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான். இழப்பில் இருக்கிற ஒருவரிடம் போய், ‘எல்லாம் கர்த்தருடைய சித்தம்’ என்று உறுதியாகச் சொல்லிவிடுவது நமக்கு எளிது. நஷ்டம் நம்முடையதாக இல்லாதபோது இன்னும் எளிது. பவுல் தேவனுடைய மனதைத் தாம் வாசித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருவேளை இதற்குள்ளும் ஒரு நன்மை இருக்கலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்துவைக்கிறார். எட்டிப் பார்ப்பதைப் பிலேமோனிடம் விட்டுவிடுகிறார்.

அடுத்து வருவது நிருபத்தின் உயிர்நாடி. இனி அடிமையாக வேண்டாம், அதற்கு மேலானவனாக, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் என்கிறார். ‘பிரியமான’ என்ற இதே சொல்லால்தான் முதல் வசனத்தில் பிலேமோனை அழைத்தார். ‘சகோதரனே’ என்று 7-ஆம் வசனத்திலும் 20-ஆம் வசனத்திலும் பிலேமோனைக் கூப்பிடுகிறார். எஜமானுக்குச் சொன்ன இரண்டு சொற்களையும் எடுத்து அடிமைக்குச் சூட்டிவிட்டார். அதோடு, ஆண்டவருக்குள் மட்டுமல்ல, மாம்ச வாழ்விலும் அவன் சகோதரனாக இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறார். ஜெபத்தில் சகோதரன், பந்தியில் வேலைக்காரன் என்று பிரித்துவைக்க இடமில்லை. ஆராதனை முடிந்து கதவு சாத்திய பிறகும் அவன் சகோதரன்தான்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. அன்றுமுதல் 300 ஆண்டுகளுக்கு மேலாக இந்த வசனம் தமிழில் அச்சில் இருக்கிறது. ஆனாலும் நம் ஊர்கள் சிலவற்றில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் உண்டு. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் செத்த பிறகும் அருகருகே படுக்க மறுக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆண்டவருக்குள் சகோதரர், மாம்சத்தில் வேறு ஆட்கள் என்ற இந்தப் பிரிவினையைத்தான் பவுல் முதல் நூற்றாண்டிலேயே அடைக்கப் பார்த்தார்.

வசனம் 17: பங்காளி

என்னைக் கூட்டாளியாக நினைத்தால், அவனை என்னைப்போலவே ஏற்றுக்கொள்ளும் என்பது அடுத்த படி. ‘கொய்னோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல் தொழிலில் பங்கு போட்டவரையும் குறிக்கும், உயிர்த் தோழமையையும் குறிக்கும். தமிழில் ‘பங்காளி’ என்று சொன்னால் நெருங்கி வரும். நம் வழக்கில் அது சொத்திலும் இரத்தத்திலும் பங்குள்ளவன். அதனாலேயே அதிகமாகச் சண்டையும் அவனோடுதான்.

‘அவனை என்னைப்போல’ என்பதை வாசலில் நின்று நினைத்துப் பாருங்கள். பவுல் வந்தால் பிலேமோன் எங்கே உட்காரவைப்பார்? கால் கழுவத் தண்ணீர் யார் கொண்டுவருவார்? எந்தத் தட்டில் சாப்பாடு? அதெல்லாம் இப்போது ஒநேசிமுவுக்கு. மன்னிப்பை மனசில் வைத்துக்கொண்டால் போதும் என்றிருந்தால் பவுல் இதைக் கேட்டிருக்க மாட்டார். அவர் வாசற்கதவைத் திறக்கச் சொல்கிறார்.

இதே வகையில் இன்னொரு பரிந்துரைக் கடிதம் இரண்டு தலைமுறைக்குள் எழுதப்பட்டது. ரோம எழுத்தாளர் இளைய பிளினி, சபினியானுஸ் என்ற நண்பருக்கு எழுதியது. கோபத்துக்கு ஆளான ஒரு முன்னாள் அடிமை தம் காலில் விழுந்து அழுததைச் சொல்லி, அவன் மனம் திருந்திவிட்டான், இளைஞன் என்று பாரும், கோபம் உம்மையும் வருத்தும் என்று இரங்கக் கேட்கிறார். அது நல்ல மனிதர் எழுதிய நல்ல கடிதம். நண்பர் அதைக் கேட்டு அவனை ஏற்றுக்கொண்டபோது நன்றி சொல்லியும் எழுதினார். ஆனால் அதில் மேலே இருப்பவர் மேலேயே இருந்துகொண்டு இரங்குகிறார். பவுல் கேட்பது இரக்கத்தைவிடக் கடினமான ஒன்று. பக்கத்தில் உட்காரச் சொல்கிறார்.

வசனங்கள் 18–19: பற்று

அவன் உமக்கு ஏதேனும் அநியாயம் செய்திருந்தால், ஏதாவது கடன்பட்டிருந்தால், அதை என் பெயரில் ஏற்றிக்கொள்ளும் என்கிறார். இது கடைக்காரர் பேச்சு. கணக்கேட்டில் ஒருவர் பெயரின்கீழ் தொகை எழுதுவதற்கான வியாபாரச் சொல்லையே பவுல் கையாள்கிறார்.

என் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். நீளமான பற்று நோட்டு கல்லாவின் மேல் கிடக்கும். ஒரு நாள் கடையில் வேலை பார்த்த பையன் நல்லெண்ணெய் டின்னைக் கீழே போட்டுவிட்டான். தரை முழுக்க எண்ணெய். அப்பா அவன் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அரிசி வாங்க வந்த வயதான ஆச்சி ஒருத்தி, ‘அண்ணாச்சி, அத என் பத்துல எழுதிக்கிடுங்க. புள்ள பயந்து நிக்கான்’ என்றாள். அப்பா நோட்டை விரித்துப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமலே இருந்தார். பிறகு நோட்டை மூடினார். ஆச்சியின் பற்றிலும் எழுதவில்லை, பையன் சம்பளத்திலும் பிடிக்கவில்லை. அந்த எண்ணெயின் விலையைக் கடை ஏற்றுக்கொண்டது. அதாவது, என் அப்பா ஏற்றுக்கொண்டார்.

மன்னிப்பைப் பற்றி அன்று நான் கற்றதை எந்தப் பிரசங்கமும் எனக்கு அதற்குமேல் கற்றுத்தரவில்லை. கொட்டிய எண்ணெய் கொட்டியதுதான். ‘பரவாயில்லை, ஒன்றும் ஆகவில்லை’ என்பது மன்னிப்பு ஆகாது, ஏனென்றால் நஷ்டம் உண்மை. அந்த நஷ்டத்தை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். செய்தவன் சுமக்க முடியாதபோது, அன்புள்ள ஒருவர் அதைத் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொள்கிறார். தமிழில் பற்று என்றால் கடைக் கடனும்தான், நேசமும்தான். நேசப் பற்று இல்லாமல் யாரும் கடன் பற்றை ஏற்க முன்வருவதில்லை.

19-ஆம் வசனத்தில் பவுல் எழுதுகிறவரிடமிருந்து எழுதுகோலை வாங்கி, இதை என் கையாலேயே எழுதுகிறேன், நானே கட்டுவேன் என்று தம் பெயரையும் போடுகிறார். நம் வழக்கில் சொன்னால் புரோநோட்டு. இந்தப் புரோநோட்டில் ஒரு விசேஷம் உண்டு. தொகை எழுதவில்லை. ‘ஏதேனும்’ என்று மட்டும் இருக்கிறது. எவ்வளவு என்று பிலேமோன் எழுதிக்கொள்ளலாம்.

கொலோசெயர் 2-ஆம் அதிகாரத்தில், நமக்கு எதிராக இருந்த கையெழுத்துக் கடன்சீட்டைத் தேவன் எடுத்துச் சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்ற கருத்து வருகிறது. சிலுவை செய்ததைத்தான் பவுல் தம் அளவில், தம் கையால், ஒரு அடிமைக்காகச் செய்துபார்க்கிறார். கிறிஸ்து பிதாவின்முன் நமக்காக நின்றதுபோலப் பவுல் பிலேமோனின்முன் ஒநேசிமுவுக்காக நிற்கிறார் என்று மார்ட்டின் லூதர் இந்த நிருபத்தின் முன்னுரையில் சொல்வதும் இதனால்தான்.

கையோடு இன்னொன்றையும் நினைவூட்டுகிறார்: நீர் உம்மையே எனக்குக் கடன்பட்டிருக்கிறீர், அதைச் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். விசுவாசத்துக்கு வழிகாட்டியவர் பவுல். பிலேமோனும் பற்று நோட்டில் பெயர் உள்ளவர்தான். வாசலில் நிற்பவனைக் கடன்காரன் என்று பார்க்கும் கண், தன் பக்கத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டால் பார்வை மாறும்.

வசனங்கள் 20–22: அறை

என் வயிற்றில் பால் வாரும் என்ற வேண்டுகோள் இங்கே வருகிறது. உம்மால் எனக்குப் பயன் கிடைக்கட்டும் என்று சொல்லும்போது, ஒநேசிமு என்ற பெயரின் ஒலியே கேட்கும் கிரேக்க வினையைப் பயன்படுத்துகிறார். நான் கேட்பதற்கு மேலும் செய்வீர் என்று அறிந்தே எழுதுகிறேன் என்கிறார். அந்த ‘மேலும்’ எதுவென்று அவர் பெயர் சொல்லவில்லை. விடுதலைப் பத்திரம்தான் என்று பலர் கருதுகிறார்கள். நானும் அப்படியே வாசிக்கிறேன்.

பிறகு, எனக்கும் ஒரு அறையை ஒழுங்குபடுத்தி வையும் என்கிறார். உங்கள் ஜெபத்தினால் நான் உங்களுக்குக் கிருபையாகக் கொடுக்கப்படுவேன் என்று நம்புகிறேன் என்கிறார். அங்கே வரும் ‘காரிசோமாய்’ என்ற வினைச்சொல் அருமையானது. கொலோசெயர் 3:13-ல் ஒருவரையொருவர் மன்னிப்பதற்கு வரும் சொல்லும் இதுவே. கிருபையாகக் கொடுப்பது, கடனைத் தள்ளுவது, மன்னிப்பது எல்லாம் இந்த ஒரு வினைக்குள் அடங்கும். ஒநேசிமுவுக்காகப் பரிந்து பேசும் இடத்தில் இந்தச் சொல்லைத் தொடாதவர், தாம் அந்த வீட்டுக்கு வருவதைச் சொல்ல இதை எடுக்கிறார். ஒருவனுக்குத் திறந்த கதவு வழியாகவே அடுத்தவரும் உள்ளே வருவார். ஒநேசிமுவுக்கு இடமில்லாத வீட்டில் பவுலுக்கும் இடமிருக்காது.

வசனங்கள் 23–25: பெயர்கள்

கடைசியில் வாழ்த்துச் சொல்கிறவர்களின் பட்டியல்: எப்பாப்பிரா, மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா. வெறும் பெயர்கள் என்று தாண்டிவிடாதீர்கள். மாற்குவின் பெயரில் நின்றுவிடுங்கள்.

முதல் ஊழியப் பயணத்தில் பாதி வழியிலேயே மாற்கு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்தில் அவரைச் சேர்க்கலாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் மூண்ட சண்டையில் இருவரும் பிரிந்தே போனார்கள். அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம் அதை மறைக்காமல் சொல்கிறது. விட்டுப்போனவனை மறுபடி சேர்க்க மாட்டேன் என்று நின்றவர் இதே பவுல். இப்போது அந்த மாற்குவை உடன்வேலையாள் என்று எழுதுகிறார். பின்னர் 2 தீமோத்தேயு 4:11-ல் மாற்கு எனக்குப் பயனுள்ளவர் என்று வருகிறது. ஒநேசிமுவுக்கு 11-ஆம் வசனத்தில் வந்த அதே கிரேக்கச் சொல் அங்கே மாற்குவுக்கு. விட்டுப்போனவன் ஒருவனைத் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான், விட்டுப்போன இன்னொருவனைச் சேர்த்துக்கொள்ளும் என்று எழுதுகிறார். தமக்குக் கைவராததைப் பிறரிடம் அவர் கேட்கவில்லை.

தேமாவின் பெயரும் அங்கே இருக்கிறது. அவர் பிற்பாடு பவுலைக் கைவிட்டுப் போனார். ஏற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் நிலைத்திருப்பார்கள் என்று அன்புக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அது தெரிந்தவர்கள்தான் அன்புசெய்ய முடியும்.

நிருபம் கிருபையை வேண்டி முடிகிறது. 22-ஆம் வசனத்தில் தொட்ட பன்மைக்கே கடைசி வசனத்திலும் பேச்சு திரும்புகிறது. ஒருவரிடம் கேட்டாயிற்று, இப்போது வீடு முழுவதும் அந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வாசித்து முடித்தபின்

பிலேமோன் என்ன செய்தார் என்று வேதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் இந்தத் தாள் நம்மிடம் இருக்கிறது. கதவைச் சாத்தியவர் இதைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பாரா? தன் கடனையும் தன் அடிமையின் பெருமையையும் சேர்த்துச் சொல்லும் கடிதத்தை, மனமிறங்காத ஒருவர் அடுப்பில் போட்டிருப்பார். பிரதி எடுத்துப் பிற சபைகளுக்குக் கொடுத்திருக்கமாட்டார். தாள் பிழைத்ததால் ஒநேசிமுவும் பிழைத்தான் என்று நான் நம்புகிறேன்.

தென்னிந்தியத் திருச்சபையின் 1950-ஆம் ஆண்டுத் திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் பகிரும் முறை சேர்க்கப்பட்டது. அப்பத்தையும் ரசத்தையும் நெருங்குமுன், பீடத்திலிருந்து கைக்குக் கையாக அந்தச் சமாதானம் வரிசை வரிசையாக வரும். பக்கத்தில் நிற்பவரின் கைகளை நம் கைகளுக்குள் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். சொத்து வழக்கில் ஐந்து வருஷமாகப் பேசாத தம்பி இரண்டு வரிசைக்கு அப்பால் நிற்பதும், அந்தப் பக்கம் திரும்பாமல் சமாதானத்தை வேறு பக்கமாகக் கடத்திவிடுவதும் எனக்குத் தெரிந்த காட்சி. நானும் அப்படிக் கடத்தியிருக்கிறேன்.

இந்த நிருபத்தை வாசித்தபின் அது எளிதாக இருப்பதில்லை. அந்த இரண்டு வரிசைத் தூரத்தைத் தாண்டிப் போகையில், நம் கையில் தொகை எழுதாமல் பெயர் மட்டும் போட்ட ஒரு சீட்டு இருக்க வேண்டும்.